பேரன் பறிக்கிற மரம்

மாசி பிறந்துவிட்டால் எரியோட்டிலிருந்து குஜிலியம்பாறை போகும் சாலையில் வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். எந்தப் புளியமரத்தடியில் எப்போது சாக்கு விரித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. மேலே ஒருவர் கவட்டையில் கால் ஊன்றிக் கிளையை உலுக்குவார். கீழே நான்கைந்து பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, விழுகிற பழத்தைக் கூட்டி அள்ளுவார்கள். பேருந்து வந்தால் ஒதுங்குவார்கள். போனதும் திரும்பி வந்து, சக்கரம் ஏறி நசுங்கியதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கூடையில் போடுவார்கள். அந்த நேரத்தில் சாலை முழுக்க ஒரு புளிப்பு வாசம் இருக்கும். தலைக்கவசத்துக்குள்ளும் அது ஏறி, வாயில் எச்சில் ஊற வைக்கும்.

அந்த மரங்களை யார் நட்டார்கள் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. தாத்தா காலத்திலேயே பெரிய மரம் என்பார்கள். மகசூல் மட்டும் வருடா வருடம் ஏலம் போகிறது. எடுத்தவர் உலுக்கிக்கொண்டு போகிறார். அதோடு அந்த மரத்துக்கும் மனிதருக்கும் உள்ள கணக்கு முடிந்துவிடுகிறது. ஒரு கூடை எரு, ஒரு குடம் தண்ணீர், பட்டுப்போன கொப்பை அறுத்துவிட ஓர் ஆள் என்று எதுவும் அதற்குக் கிடையாது. நம் வட்டாரத்தில் தினமும் மூன்று வேளையும் அடுப்பேறும் ஒரு பொருள், யாரும் பயிராக நினைக்காத ஒரு மரத்திலிருந்து வருகிறது. குஜிலியம்பாறை மாதிரி ஒரு மானாவாரிப் பூமியில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தின் வடகோடி இது. தாண்டினால் கரூர் மாவட்டம். பெயரிலேயே பாறை இருக்கிறது. கடப்பாரை ஓர் அடி இறங்குவதற்குள் சரளையோ சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல்லோ தட்டும் நிலங்கள் இங்கே நிறைய. பக்கத்துக் கரிக்காலியில் சிமெண்ட் ஆலை வந்ததே இந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். வாழைக்கும் நெல்லுக்கும் இந்த மண்ணும் இந்த மழையும் போதாது. ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் கை கொடுத்தால் சோளமும் கடலையும் தேறும், இல்லாவிட்டால் இல்லை. புளிக்கு இந்த மண் ஒரு பொருட்டே இல்லை. சுண்ணாம்பு கலந்த நிலத்தில் நன்றாகவே வரும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் காற்றுக்கும் வறட்சிக்கும் சாயாது. தண்ணீர் தேங்கி நிற்கும் இடம்தான் அதற்கு ஆகாது. குஜிலியம்பாறையில் தண்ணீர் தேங்கி நின்றால் அது செய்தி.

இலையுதிர் காலத்தில் புளியை மொட்டையாகப் பார்ப்பது அரிது. பங்குனி வெயிலில் பழைய இலை மஞ்சளாகிக் கொட்டும்போதே பக்கத்துக் கணுவில் இளஞ்சிவப்பாகக் கொழுந்து விட்டிருக்கும். வேம்பும் புங்கனும் போலப் புளியும் கோடையில் பச்சை காட்டுகிற மரம். ஊரில் வெயில் உச்சியில் நிற்கும்போது ஆடு, மாடு, பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரும் ஒதுங்குவது அதன் அடியில்தான்.

பிறந்த இடம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். சங்கப் பாடல்களிலேயே புளி சமையலில் இருக்கிறது என்றால் எவ்வளவு முன்னால் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அரேபிய வணிகர்கள் இதை இங்கே பார்த்துவிட்டு 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளில் 'தமர் ஹிந்தி' என்றார்கள். 1563இல் கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா தம் மூலிகை நூலில் இதற்கு இடம் கொடுத்தார். 1753இல் லின்னேயஸ் பெயர் சூட்டியபோது அந்த அரபுச் சொல்லே 'டாமரிண்டஸ் இண்டிகா' ஆனது. அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே இது ஒன்றுதான், வேறு உடன்பிறப்பு கிடையாது. அவரைக் குடும்பத்து மரம்தான் என்றாலும், அவரையும் கடலையும் போல வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் வித்தை இதற்குத் தெரியாது. எருப் போட்டால் வாங்கிக்கொள்ளும், போடாவிட்டால் இருப்பதை வைத்துக் காய்க்கும்.

தமிழன் போன இடமெல்லாம் ஊர்ப்பெயரில் புளி இருக்கிறது. புளியங்குடி, புஞ்சைப் புளியம்பட்டி, சென்னையில் புளியந்தோப்பு, வவுனியாவில் புளியங்குளம், மட்டக்களப்பில் புளியந்தீவு. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் மரத்துக்கு உறங்காப்புளி என்று பெயர். மற்ற புளியமரங்கள் பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்ளும், அது மட்டும் மடக்காது என்பது ஐதீகம். ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு உங்கள் ஊர் மரத்தைப் போய்ப் பாருங்கள். சிற்றிலைகள் ஒன்றோடு ஒன்று கைகூப்பினாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதற்கு 'விஞ்ஞான விளக்கம்' ஒன்றும் இப்போது சுற்றுகிறது. இரவில் கரியமில வாயு விடுகிறதாம், அடியில் படுத்தால் மூச்சு முட்டுமாம். எந்த மரமும் இரவில் மூச்சுவிடத்தான் செய்யும். திறந்த வெளியில் அது ஒருவரை ஒன்றும் செய்துவிடாது. இந்தக் கதைகளால் வீட்டுப் பக்கம், தோட்டத்து நடுவில் புளி வைக்கத் தயங்குகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அடியில் வேறு பயிர் அவ்வளவாக வராது என்பது மட்டும் உண்மை. நிழல் அடர்த்தி, உதிர்கிற இலையின் புளிப்பு, இரண்டும் காரணம்.

சாலையும் மரமும்

மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, சத்திரம் கட்டி, மரம் வைத்தார் என்பதை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். திண்டுக்கல் சீமையும் அவர் ஆட்சிக்குள் இருந்ததுதான். பிறகு வந்த வெள்ளைக்காரர்களும் சாலை ஓரத்துக்குப் புளியையே விரும்பினார்கள். நிழலும் கிடைக்கும், ஏலம் விட்டால் வருமானமும் கிடைக்கும். ஆடு கடித்து, வண்டி இடித்து, பட்டை உரிந்தாலும் சாகாது. நூறு, நூற்றைம்பது வருடம் நிற்கும். நாம் இன்று உலுக்கும் சாலைப் புளிகளில் பெரும்பாலானவை அப்படி முன்னோர் வைத்துவிட்டுப் போனவை.

அவை வேகமாகக் குறைந்துவருகின்றன. பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்றைக்கு நாற்பத்து நான்கு, நால்வழியானபோது மதுரை, திண்டுக்கல், கரூர் வழியெங்கும் இரண்டு பக்க மரங்களும் போயின. அந்தச் சாலையில் மரங்கள் இருந்த காலத்திலும் போயிருக்கிறேன், இப்போதும் போகிறேன். வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு இரு சக்கர வண்டியில் போகிறவன் நின்று முகம் துடைக்க ஒரு நிழல் இல்லை. உள்சாலைகளும் இப்போது அகலமாகின்றன. வெட்டியதற்குப் பதிலாகக் கன்று வைக்கிறார்கள்தான். வைப்பது பெரும்பாலும் சீக்கிரம் வளர்கிற, பூ அழகாக இருக்கிற மரங்கள். ஒரு புளியங்கன்றைச் சாலையோரம் வைத்து, ஆடு கடிக்காமல் பத்து வருடம் காப்பாற்றுகிற பொறுமை யாருக்கும் இல்லை.

வெட்டிய புளியமரம் எங்கே போகிறது? பெரும்பகுதி செங்கல் சூளைக்கு. அதன் வைரம் ஊதாவும் பழுப்பும் கலந்த நிறத்தில், வாளைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு உறுதியாக இருக்கும். உலக்கை, கொட்டாப்புளி, செக்கு உரல் என்று அடி வாங்கும் சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஊர் ஆசாரி தேடுவது புளியைத்தான். திண்டுக்கல்லில் எந்தக் கறிக்கடைக்கும் போய்ப் பாருங்கள். கத்தி விழுகிற அந்த வட்டக் கட்டை புளியங்கட்டை. வருடக் கணக்கில் வெட்டு வாங்கினாலும் சிம்பு எழும்பாது. நூறு வருடம் நின்ற மரத்தை ஒரு சூளையில் இரண்டு நாளில் எரித்துவிடுவது எனக்குத் தாங்கவில்லை.

மரத்தை நம்பி மனிதன் மட்டும் இல்லை. புள்ளி ஆந்தை வயதான புளியின் பொந்திலும் குஞ்சு பொரிக்கும். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, திண்டுக்கல், கரூர் இரு மாவட்டங்களிலும் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதலாவது அது. தேவாங்கு தரையில் இறங்க அஞ்சும் பிராணி. கிளையிலிருந்து கிளைக்குத்தான் நடக்கும். அதன் தூரத்துச் சொந்தமான வளைவால் லெமூர், மடகாஸ்கர் தீவின் தெற்கே ஆற்றங்கரைக் காடுகளில், ஆண்டின் பல மாதங்கள் புளியம்பழத்தையும் புளியங்கொழுந்தையும் தின்றே வாழ்கிறது. கடவூர் அடிவாரத்தில் நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். கடலுக்கு இரு புறமும் ஒரே மரம், ஒரே வம்சத்துப் பெரிய கண்கள்.

ஓடு, நார், கொட்டை

சித்திரைக்குப் பிறகு கொழுந்தோடு பூ வரும். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட சின்னப் பூ. நின்று பார்க்காதவர்கள் பூத்ததையே கவனிப்பதில்லை, தேனீ கவனித்துவிடும். காய் முற்றிப் பழமாக எட்டு, பத்து மாதம் ஆகும். தை, மாசியில் காயின் ஓடு சதையை விட்டுக் கழன்று, தட்டினால் உள்ளே கலகலக்கும். அதற்குக் கொஞ்சம் முந்தைய பருவத்தில் ஓட்டுக்குள் பச்சையும் பழுப்புமாக இருப்பதை ஒதப்பழம் என்போம். அதைத் தின்று பல் கூசி, அன்று இரவு சோறு மெல்ல முடியாமல் அழுத அனுபவம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு.

பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழக்கும். புளி இழக்காது. சர்க்கரையும் கூடும், புளிப்பும் அப்படியே நிற்கும். காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலம். திராட்சையில் கொஞ்சம் இருக்கும் அந்த அமிலம் புளியில் நிறைந்து கிடக்கிறது. மாங்காய் இல்லாத மாதத்திலும் தக்காளி விலை ஏறிய மாதத்திலும் நம் குழம்புக்குப் புளிப்புக் கொடுப்பது அதுதான். தாய்லாந்தில் பெச்சபூன் மாகாணத்தில் இனிப்புப் புளி என்றே ஒரு வகையைத் தோப்புத் தோப்பாக வளர்த்து, பழமாகவே விற்கிறார்கள். நம் ஊரிலும் எங்காவது ஒரு மரம் தப்பித் தவறி இனிப்பாகக் காய்க்கும். விதையில் வளர்கிற புளி தாய் மரத்தைப் போலவே இருக்காது, மகரந்தம் வேறு மரத்திலிருந்து வந்திருக்கும். அந்த ஒற்றை மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

உலுக்கிய பழம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே. ஓடு உடைக்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், தடியால் தட்டியோ அரிவாள்மணையில் கீறியோ கொட்டை எடுக்க வேண்டும். பழத்தின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் சதை. மூன்றில் ஒரு பங்கு கொட்டை. மீதி ஓடும் நாரும். நத்தம் பக்கம் போனால் தெருத்தெருவாகத் திண்ணையில் பெண்கள் இந்த வேலையில் உட்கார்ந்திருப்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் புளி என்றால் நத்தம்தான் முதலில் வாயில் வரும். அங்கே கிலோக் கணக்கில் கூலி. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளிச் சாறு ஏறி விரல் வெடித்த கைகள் அவை. கொட்டை எடுக்க இயந்திரங்கள் வந்துவிட்டன. இயந்திரம் அவர்களின் கூலியைப் பறிக்காமல், கை வலியை மட்டும் குறைக்கும்படி அவர்கள் குழுக்கள் வசமே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் அப்பத்தா புளி அடைக்கும் நாள் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். வெயிலில் காய்ந்த புளியைக் கல்லுப்போடு சேர்த்துப் பிசைந்து, மண் பானையில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை உப்பு என்று வைத்து அழுத்துவாள். ஈரக்கை படக்கூடாது. இந்த வருடப் புளி சிவப்பாக இருக்கும், குழம்புக்கு நிறம் கொடுக்கும். அடுத்த வருடம் கருக்கும். பழம்புளியை மருந்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பாள், கால் சுளுக்கிக்கொண்டு வந்தால் உப்போடு கொதிக்க வைத்துப் பற்றுப் போடுவாள். கோயில் திருவிழாவில் வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் பானக்கமும் அந்தப் பானையிலிருந்துதான் தொடங்கும், வெல்லமும் ஏலமும் பிறகுதான்.

கொட்டையை அவள் எறிந்ததில்லை. வறுத்துத் தோல் நீக்கினால் மழை நாளுக்குத் தீனி. ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை. மிச்சம் பல்லாங்குழிக்கு. அதே கொட்டைக்கு உலகம் எவ்வளவு பெரிய வேலை வைத்திருந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தானிய மாவுக்குத் தட்டுப்பாடு. பாவுக்குக் கஞ்சி போட ஆலைகளுக்கு மாவு வேண்டும். 1942இல் கோஷ், கிருஷ்ணா என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் புளியங்கொட்டைப் பருப்பில் 46 முதல் 48 சதவீதம் கூழாகக்கூடிய பொருள் இருப்பதைச் சொன்னார்கள். அதன்பின் சணல் ஆலையும் பருத்தி ஆலையும் புளியங்கொட்டை மாவுக்கு மாறின. சின்னாளப்பட்டியில் சேலையும் கரூரில் போர்வையும் நெய்கிற ஊர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, நாம் கொட்டையைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் தண்ணீரைப் பற்றியது. திண்டுக்கல் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அது தெரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிறுவர்களுக்கு நாளுக்குப் பத்து கிராம் புளி பதினெட்டு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. புளி தின்றால் தண்ணீர் சரியாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல தண்ணீர் கொடுப்பது அரசின் கடமை, அதில் மாற்றம் இல்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் பாக்கெட் மசாலாவிலும் வினிகரிலும் குழம்பு வைக்கப் பழகும் வீடுகள், புளியை விடும்போது எதையெல்லாம் விடுகின்றன என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

முருங்கையும் புளியும்

குஜிலியம்பாறை, வேடசந்தூர் பக்கத்து விவசாயிக்கு 'பி.கே.எம்.1' என்று சொன்னால் உடனே முருங்கை என்பார். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் கொடுத்த செடி முருங்கை அது. ஆறே மாதத்தில் காய்க்கும். இந்த வட்டாரத்தின் எத்தனையோ மானாவாரிக் காடுகளைத் தோட்டமாக்கியது அது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் காய்த்துவிட்டால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பறிப்புக் கூலிக்குக்கூட விலை கிடைக்காது. காயை மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தவர்களைத் தெரியும். முருங்கைக்காய் நாளைக்குக் காத்திருக்காது. அன்றைக்கு என்ன விலையோ அதுதான்.

அதே பெரியகுளத்திலிருந்து 'பி.கே.எம்.1' என்ற அதே பெயரில் ஒரு புளியும் வந்திருக்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பெரியகுளம் அருகே எண்டப்புளி என்ற ஊரில் கிடைத்த நல்ல மரத்திலிருந்து தெரிவு செய்யப்பட்ட ரகம் அது. ஊர்ப்பெயரிலேயே புளி இருப்பதைப் பாருங்கள். நாட்டு மரம் விதையிலிருந்து வந்தால் முதல் காய்ப்புக்கு எட்டு, பத்து வருடம் ஆகும். "நீ வச்சா உன் பேரன் பறிப்பான்" என்று ஊரில் சொல்வது அதனால்தான். அந்தச் சொல் சரியாக இருந்த காலம் உண்டு. ஒட்டுக்கன்று நான்காவது வருடத்திலேயே காய் காட்டிவிடுகிறது. இதுதான் என் முழு வாதமும். புளி தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சாலைக்குத் தள்ளிவிட்டோம். இப்போது அந்தக் காரணம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது, பழைய பழமொழியை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறோம்.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது மரம் வரும். மூன்றடி ஆழ அகலத்துக்குக் குழி எடுத்து ஆற விட்டு, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். நம் பக்கத்துக்கு ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவம் முதல் தண்ணீரை ஊற்றிவிடும். சரிவான நிலத்தில் கன்றின் பள்ளத்துப் பக்கம் பிறை நிலா வடிவில் ஒரு வரப்புப் போட்டால், மேட்டிலிருந்து ஓடி வரும் மழை அங்கேயே நின்று வேருக்கு இறங்கும். முதல் இரண்டு கோடையில் மட்டும் வாரத்துக்கு ஒரு குடம் ஊற்றிக் காப்பாற்றினால் போதும். அதன் பிறகு அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, ரகமெல்லாம் காய்ந்து, நாட்டுப் புளி மட்டும் மிஞ்சிய தோப்புகளைப் பார்த்திருக்கிறேன். தண்டில் மூன்றடி வரை பக்கக் கிளை வைக்காமல் வளர்த்தால் பின்னால் உழவும் பறிப்பும் எளிது. மரம் குடை விரிக்கும் வரை, அதாவது பல வருடம், இடையில் கடலையோ கொள்ளோ சாமையோ போடலாம். கடலைக்கும் புளிக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. களத்தில் காய்ந்த புளியங்கொட்டையைத் துளைக்கும் அதே வண்டுதான் குடோனில் நிலக்கடலையையும் துளைக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே அறையில் மூட்டை போடக் கூடாது, மரத்தடியில் பழைய காயைக் கிடக்க விடவும் கூடாது.

பறிக்கும் முறையிலும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளக் கம்பால் அடித்து உதிர்ப்பது வழக்கம். ஏலம் எடுத்தவருக்கு அந்த வருடப் பழம்தான் கணக்கு, ஆகவே அவர் அடிப்பார். அடிபட்ட நுனியில் அடுத்த கொழுந்தும் பூவும் போய்விடும். புளிக்கு ஒரு வருடம் காய்ப்பு ஒரு வருடம் ஓய்வு என்பது இயற்கையிலேயே கொஞ்சம் உண்டு, நம் கம்பு அதை இன்னும் மோசமாக்குகிறது. ஏறிக் கிளையை உலுக்கினால் முற்றியது மட்டும் விழும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவருக்கு இடுப்பில் ஒரு பாதுகாப்புக் கயிறு, சரியான கூலி, விழுந்தால் காப்பீடு, இவை ஏல ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சாலைப் புளி உலுக்கப் போய் இடுப்பு ஒடிந்து படுத்தவர்கள் இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு.

வளர்ந்த மரம் ஒன்று வருடத்துக்கு 150 முதல் 250 கிலோ வரை பழம் கொடுக்கும். ஐம்பது, அறுபது வருடம் கொடுக்கும். அறுவடை அன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொட்டை எடுத்து, உப்பிட்டு, குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம்கூட மாறாமல் பல மாதம் இருக்கும். முருங்கைக்காரர் வியாபாரியைத் தேடிப் போகிறார், புளிக்காரரை வியாபாரி தேடி வர முடியும். சத்தீஸ்கரில் பஸ்தார் மலைமக்கள் காட்டுப் புளியைச் சேகரித்து ஜகதல்பூர் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள், நாட்டின் பெரிய புளிச் சந்தைகளில் ஒன்று அது. அவர்களுக்கு இருப்பது காடு, நமக்குச் சொந்த நிலம் இருக்கிறது.

முழு நிலத்தையும் புளிக்குக் கொடுங்கள் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. நாற்பது வயதில் கடனோடு இருக்கிறவரிடம் நான்கு வருடம் பொறு என்று சொல்வதும் நியாயம் இல்லை. வரப்பு ஓரத்தில் நான்கு, கிணற்று மேட்டில் இரண்டு, தரிசாகக் கிடக்கும் மூலையில் பத்து. சொந்த மரமாக இருந்தால் எரு வைப்போம், கம்பால் அடிக்க மாட்டோம், சூளைக்கு விற்கமாட்டோம். சாலை மரம் ஒன்று விழும்போது வயிறு எரிவதற்குப் பதில், நம் காட்டில் ஒன்று நிற்கும்.

கர்நாடகத்தில் தேவனஹள்ளி அருகே நல்லூர் என்ற சிற்றூரில் பழைய புளியந்தோப்பு ஒன்று இருக்கிறது. ஐம்பது ஏக்கருக்கு மேல். 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது அதைத்தான். சோழர் காலத்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அடிமரம் கோறையாகி இரண்டாகப் பிளந்து, பிளந்த இரண்டும் தனித்தனியாகத் துளிர்த்து நிற்கும் மரங்கள் அங்கே உண்டு. நம்மிடம் அப்படி ஒரு தோப்பு அறிவிக்கப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் மீதமுள்ள பழைய சாலைப் புளிகளை எண்ணி, சுற்றளவு அளந்து, எண் போட்டு, நன்றாகக் காய்ப்பது எது, இனிப்பது எது என்று குறித்து, வெட்டுவதற்கு முன்னாலேயே அவற்றின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டிவைக்கலாம். எண்டப்புளியில் ஒரு மரத்துக்கு நடந்தது குஜிலியம்பாறைச் சாலையில் இருக்கும் ஒரு மரத்துக்கும் நடக்கலாம். வெட்டிய பின் அந்த வாய்ப்பு கிடையாது.

போன புரட்டாசியில் எங்கள் காட்டு மேற்கு வரப்பில் ஆறு ஒட்டுக்கன்று வைத்தேன். ஒன்றை ஆடு கடித்துவிட்டது. மற்ற ஐந்துக்கும் வேலமுள் வெட்டிச் சுற்றி அடைத்திருக்கிறேன். இந்த வாரம் போய்ப் பார்த்தபோது நான்கில் ஒட்டுக்கு மேலே சிவப்பாகக் கொழுந்து விட்டிருந்தது. ஐந்தாவதில் ஒட்டுக்குக் கீழே வந்திருந்த துளிரைக் கிள்ளி, வாயில் போட்டு மென்றுகொண்டே அடுத்த கன்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். நல்ல புளிப்பு.